பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பதினான்காவது வாரம்

என் மகனுக்கு இரண்டு வயது ஆகும்வரை மூக்கு ஒழுகி நான் பார்த்ததே இல்லை.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயிலை ஒட்டிய குருக்கள் வீட்டில். சமையலறைக் கதவைத் திறந்தால் பிராகாரம். வெள்ளிக்கிழமை நூறு பேர் வருவார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் கால் வைக்க இடமிருக்காது. மூத்தவள் அந்தக் கூட்டத்தில்தான் வளர்ந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவார்கள், குங்குமக் கையோடு கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவளும் யார் கையில் வாழைப்பழம் இருந்தாலும் ஒரு கடி கடித்துவிடுவாள். தைப்பூசக் காவடி முடிந்தால் ஒரு சளி, புனித வெள்ளிக்கு மாரியம்மன் திருவிழா முடிந்தால் ஒரு காய்ச்சல். (புனித வெள்ளிக்கு மாரியம்மன் திருவிழாவா என்று ஊரிலிருந்து கேட்பார்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் நம் ஆட்களுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது ஈஸ்டருக்குத்தான். அம்மனும் அனுசரித்துக்கொண்டாள்.)

இளையவன் பிறந்தது 2020 ஜனவரி 29. பத்தாம் நாள் தைப்பூசம். வழக்கம்போல் கூட்டம். நான் உள்ளறையில் அவனை வைத்துக்கொண்டு உடுக்கை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் கடைசிக் கூட்டம். மார்ச் 5ஆம் தேதி நாட்டின் முதல் கொரோனா நோயாளி எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே அடையாளம் காணப்பட்டார். மார்ச் 26 நள்ளிரவு நாடு முழுக்க அடைப்பு. ஏப்ரல் 10 புனித வெள்ளியன்று இவர், கோயில் குருக்களான என் கணவர், தனியாக உள்ளே போய் அம்மனுக்கு ஒரு விளக்கேற்றி, அபிஷேகம் செய்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மூத்தவள் வெறிச்சோடிய பிராகாரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வருமானம் நின்ற கதை தனி. இங்கே சொல்ல வந்தது குழந்தைகளைப் பற்றி.

அந்த ஆறேழு மாதம் எங்கள் வீட்டில் ஒரு தும்மல் இல்லை. மூத்தவளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஜூன், ஜூலையில் வருகிற இழுப்புகூட வரவில்லை. இருமல் மருந்து பாட்டில் தேதி முடிந்து குப்பைக்குப் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வருஷம்தான். பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "பூட்டு போட்டான், சளி செத்துப்போச்சு, பாத்தியா கண்ணு" என்பார். ஆயாவுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். மீதி இங்கிலீஷ். ஆனால் சொன்னது சரி. 2020இல் தென்னாப்பிரிக்காவில் ஃப்ளூ பருவம் என்று ஒன்று கிட்டத்தட்ட வரவே இல்லை.

அந்த நிம்மதியில்தான் நான் தப்பு செய்தேன்.

இங்கே குழந்தை பிறந்ததும் 'ரோட் டு ஹெல்த்' என்று ஒரு கையேடு கொடுப்பார்கள். எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் அதில்தான் ஏறும். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊசிகளுக்குக் கட்டம் போட்டிருக்கும். ஆறாவது வார ஊசி மார்ச் 11ஆம் தேதி, அடைப்புக்கு முன்பே போட்டாயிற்று. பத்தாவது வாரம் ஏப்ரல் 8. அன்று நான் கிளம்பவே இல்லை. வெளியே போனால் போலீஸ், கிளினிக்கில் இருமுகிறவர்கள், கையில் பத்து வாரக் குழந்தை. பதினான்காவது வாரத்துக்குத் துணிந்து போனேன். வாசலிலேயே ஒருவர் என் நெற்றிக்கு நேரே அந்தத் துப்பாக்கியை நீட்டிக் காய்ச்சல் பார்த்துவிட்டு, ஊழியர்களில் யாருக்கோ கொரோனா, கட்டடத்தைச் சுத்தம் செய்கிறோம், அடுத்த வாரம் வாங்க என்றார். அடுத்த வாரம் நான் போகவில்லை. "வீட்டை விட்டே வெளியே போகாத குழந்தைக்கு எங்கிருந்து நோய் வரப்போகிறது" என்று கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னார். எனக்கும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் மாகாணத்தின் வடக்கே கிராமப்புறக் கிளினிக்குகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அடைப்பு தொடங்கியதும் குழந்தைகளைக் கூட்டிவருவது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. உலகக் கணக்கு இன்னும் மோசம். முத்தடுப்பு ஊசி மூன்று தவணையும் முடித்த குழந்தைகள் 2019இல் நூற்றுக்கு 86 பேர், 2021இல் 81 பேர். ஐந்துதானே என்று தோன்றும். ஊசி விட்டுப்போன குழந்தைகளைத் தலையெண்ணினால் அந்த ஒரு வருஷத்தில் இரண்டரைக் கோடி.

ஆகஸ்டில்தான் போனேன். அவனுக்கு அப்போது ஆறரை மாதம். ஜூலு சிஸ்டர் ஒருவர் கையேட்டைப் புரட்டினார், பூதக்கண்ணாடி தேவைப்படுகிறவர்போல் காலிக் கட்டங்களை உற்றுப் பார்த்தார். "மாமா, இதென்ன?" என்றார். (ஜூலுவில் 'மாமா' என்றால் அம்மா. என் கணவருக்கு இது பத்து வருஷமாகச் சிரிப்பு.) திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு இரண்டு தொடையிலும் விட்டுப்போன ஊசிகளைப் போட்டார். அப்போது இங்கே இருந்த அம்மை ஊசியை மற்றதோடு சேர்த்துப் போடுவதில்லை என்று அதற்கு மட்டும் இன்னொரு நாள் குறித்தார். கடைசியாக ஒரு கட்டத்தில் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். குழந்தைகளுக்குக் கடும் பேதி வரவைக்கிற ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தின் இரண்டாவது தவணை. அது இங்கே 24 வாரத்துக்குள் கொடுக்க வேண்டியது, அதற்கு மேல் கொடுப்பதில்லை. அவனுக்கு 28 வாரம்.

மற்றதெல்லாம் தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னதில்தான் மூச்சு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நாள் தாண்டிப்போச்சு, இனி போனால் திட்டுவார்கள்" என்று அப்படியே விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். திட்டுவார்கள்தான். போய்த் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரோட்டா மட்டும் காத்திருக்காது.

2021 ஓடிப்போனது. ஜூலைக் கலவரத்தில் கடைகளும் மருந்துக்கடைகளும் சூறையாடப்பட்டு ஒரு வாரம் பால் பவுடருக்கு அலைந்தோம். நவம்பர் கடைசியில் ஒமிக்ரான் வந்தது. அதைப் பற்றி முதலில் உலகத்துக்குச் சொன்னதே இந்த நாட்டு விஞ்ஞானிகள்தான், அதற்குப் பரிசாக விமானங்களை நிறுத்தினார்கள். கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்தது. மூத்தவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், சின்னவனுக்கு அதுகூட இல்லை. டாக்டர் ஒன்று மட்டும் எச்சரித்தார். கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, கடுமையான வயிற்றுவலி இதெல்லாம் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் வர வேண்டும், அபூர்வம்தான் ஆனால் இதயத்தைத் தாக்கும் என்றார். நாட்காட்டியில் ஆறு வாரம் எண்ணிக் கோடு போட்டு வைத்தேன். ஒன்றும் வரவில்லை.

2022 ஜனவரியில் அவனை க்ரஷ்ஷில் சேர்த்தோம். மூன்றாவது நாள் மூக்கு ஒழுகியது. நானும் இவரும் ஏதோ முதல் பல் முளைத்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை.

ஏப்ரல் 11, 12 தேதிகளில் அந்த வெள்ளம். குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்சரிவில் வீடுகள் போயின, குழாய்கள் உடைந்தன, கழிவுநீர் நிலையங்கள் நின்றுபோய் சாக்கடை ஆற்றிலும் கடலிலும் கலந்தது. எங்களுக்கு நாட்கணக்கில் தண்ணீர் இல்லை. டேங்கர் வந்தால் வாளியோடு ஓட வேண்டும். அபிஷேகத்துக்கு வைத்திருந்த மழைநீரில் பாத்திரம் கழுவினேன், அம்மன் மன்னிப்பாள். அந்த வாரக் கடைசியில் சின்னவனுக்கு வாந்தி, பிறகு தண்ணீராகப் பேதி. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் குறுக்குக் கோடுதான். இது ரோட்டாதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தால் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அன்று ஊரில் குடித்த தண்ணீருக்கு எது வேண்டுமானாலும் வந்திருக்கும். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு இதெல்லாம் ஞாயமாக யோசிக்க வராது.

கைகொடுத்தது கையேட்டின் ஒரு பக்கம்தான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த நாட்டுக் கணக்கு அது. ஊரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை என்று படித்த ஞாபகம் எனக்கு. எந்தக் கணக்கானாலும் உப்பைக் கூட்டக் கூடாது, அதுதான் முக்கியம். டம்ளரில் கொடுத்தால் மடக்கென்று குடித்து மடக்கென்று வாந்தியெடுத்தான். தீர்த்த உத்தரணி இருக்கிறதே, அதை எடுத்துவந்து ஒரு நிமிஷத்துக்கு ஒன்று என்று கொடுத்தேன். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் நிறுத்தி மறுபடி. விடியும்வரை உத்தரணி. மறுநாள் கண் லேசாகக் குழி விழுந்ததுபோல் இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் டக்கென்று சமமாக வேண்டும். அவனுக்கு அது கொஞ்சம் நிதானமாகத்தான் சமமானது. அதைப் பார்த்ததும் காரை எடுக்கச் சொன்னேன். நாலு மணிநேரம் மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாகவே கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள், துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். பேதி நின்றாலும் நிறுத்தாமல் மொத்தம் பத்து நாளாவது அதைக் கொடுக்க வேண்டுமாம். நின்றதும் மாத்திரையை நிறுத்துவது எங்கள் குடும்பப் பழக்கம். இந்த முறை நிறுத்தவில்லை.

இது சின்னது. பெரியது மே மாதக் கடைசியில் வந்தது.

சாதாரணச் சளியாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாம் நாள் இருமல், மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பிடவில்லை. இவர் கோயிலில் ஹோமம் முடித்து வந்து அவனைத் தூக்கினார். வேஷ்டி முழுக்கப் புகை வாசனை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான், இருமி இருமி முகம் கறுத்தது. அன்று வழக்கம்போல் குளிப்பாட்டி சாம்பிராணியும் போட்டிருந்தேன். சளிக்கு நல்லது என்று.

ராத்திரி பதினொன்றுக்கு மின்சாரம் இல்லை. சட்டையைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தில் வயிற்றைப் பார்த்து மூச்சை எண்ணினேன். முழுசாக ஒரு நிமிஷம். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிப்படாது. அவர்கள் நடுவில் வேகமாகவும் மெதுவாகவும் இழுப்பார்கள். அழும்போது எண்ணினாலும் தப்பு. 54. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50. இரண்டு மாதத்துக்குள் இருக்கிற சிசுவுக்கு 60. இந்த மூன்று எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆகஸ்ட் சிஸ்டர் திட்டிய கையோடு சொல்லிக்கொடுத்தது அது. எண்ணை விடவும் என்னை பயமுறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு மூச்சுக்கும் கடைசி விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது, ஈரத்துணியைச் சல்லடைக்குள் இழுக்கிறமாதிரி. அதைப் பார்த்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் விரலில் மாட்டுகிற கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம் என்று காட்டியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்து, கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டினார்கள். ஆர்எஸ்வி என்கிற வைரஸ், கூடவே வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. மூன்று நாள் ஆக்சிஜன். வைரஸுக்கென்று கொடுக்கத் தனி மருந்து இல்லை, மூச்சுக்கும் தண்ணீருக்கும் துணை நிற்பதுதான் வைத்தியம் என்றார்கள். நிமோனியாவுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக்.

வார்டில் ஒரு தொட்டில் காலியில்லை. எங்களுக்குப் பக்கத்துத் தொட்டிலில் உம்லாசியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஏழு வாரக் குழந்தை. நாலு வயது அக்காவுக்குச் சாதாரண மூக்கொழுகல். தங்கச்சிக்கு ஒரு முத்தம் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தக் குழந்தை இரண்டாம் நாள் ராத்திரி மூச்சை நிறுத்திவிட்டு நீலமாகி, ஓடிவந்து எடுத்துக்கொண்டு தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். காலியான தொட்டிலில் அந்த அம்மாவின் சால்வை மட்டும் கிடந்தது. நான் அதை மடித்து வைத்தேன். நாலாம் நாள் குழந்தையோடு திரும்பி வந்து, என் மகனுக்கு ஒரு நாச்சே எனப்படும் குட்டி ஆரஞ்சு கொடுத்தாள்.

டாக்டரம்மா இளவயசு, டர்பன்காரர், பொறுமை ஜாஸ்தி. நான் அவரிடம் மனதில் கிடந்ததைக் கேட்டேன். பூட்டி வளர்த்ததால்தான் இவனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போய்விட்டதா? ஆயா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், "பாட்டில்ல போட்டு வளத்தே". ஊரிலிருந்தும் அதே பேச்சு. பிரான்ஸில் குழந்தை மருத்துவர்கள் சிலர் 2021இல் இதற்கு 'நோயெதிர்ப்புக் கடன்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் சிரித்துவிட்டு, கடன் உங்கள் பையன் பேரில் இல்லை, ஊர் பேரில் என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆர்எஸ்வி கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குள் ஒருமுறை வந்துவிடும். இங்கே வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் கிளம்பும், ஃப்ளூவுக்கு முன்னால். அடைப்புக் காலத்தில் அது பரவ வழியில்லை. அதனால் வராமலே போன குழந்தைகள் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். கதவு திறந்ததும் இரண்டு வருஷத்துக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் வருகிறது, வார்டு நிரம்புகிறது. உங்கள் பையன் உடம்பு பலவீனமாகவில்லை. சொல்லப்போனால் மூன்று மாதத்தில் வர வேண்டியது இரண்டு வயதில் வந்ததில் அவனுக்கு லாபம்தான், மூச்சுக்குழாய் அதற்குள் பெரிதாகிவிடுகிறது. நஷ்டம் யாருக்கு என்றால், என்று சொல்லி அந்தக் காலித் தொட்டிலைப் பார்த்தார். இரண்டு வருஷம் அந்த வைரஸையே சந்திக்காத அம்மாவிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்குப் போகிற பாதுகாப்பும் குறைந்துபோகிறது. வீட்டில் மூத்ததும் இப்போதுதான் முதன்முதலாகப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் மாட்டுவது சிசு.

இன்னொன்றும் கேட்டேன். 2020இல் குழந்தைகளுக்குப் பெரிய நோய்கள் குறைந்தன என்கிறார்களே, உண்மையில் குறைந்ததா, இல்லை என்னைப்போல எல்லாரும் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டோமா? அதற்கு அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. தென்னாப்பிரிக்கா உட்பட 26 நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூச்சுவழியாகப் பரவி ரத்தத்திலும் மூளையுறையிலும் புகுகிற மூன்று கிருமிகள், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மெனிங்கோகாக்கஸ், மூன்றும் 2020இன் தொடக்க மாதங்களில் தடாலென்று விழுந்திருக்கின்றன. நிமோகாக்கஸ் எட்டு வாரத்தில் 82 சதவீதம் குறைந்தது. கூடவே நாலாவதாக ஒரு கிருமியையும் எண்ணினார்கள், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது மூச்சில் பரவாது. சிசுக்களுக்குப் பெரும்பாலும் பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து போவது. அது மட்டும் குறையவே இல்லை. ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வராததால் குறைந்ததாக இருந்தால் இந்த நாலாவதும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

பூட்டு வேலை செய்திருக்கிறது. அது வேலை செய்ததாலேயே, ஊசி போடாமல் விட்டதன் பலன் அப்போது தெரியவில்லை. எனக்கு அந்தத் தொட்டிலோரம்தான் இரண்டும் பிரிந்து புரிந்தது. கிருமியைச் சந்திக்காமல் இருந்தது குழந்தைக்குக் கெடுதல் இல்லை. சந்திக்கப்போகும் நாளுக்குள் போட்டிருக்க வேண்டிய ஊசியை ஒத்திப்போட்டதுதான் கெடுதல். "நிமோகாக்கஸ் ஊசியைப் பிறகாவது முடித்தீர்களே, அது நல்லது" என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னார். ஐரோப்பாவில் அந்த வருஷக் கடைசியில் இன்னொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குழந்தைகளைத் தாக்கி, உலக சுகாதார நிறுவனம் டிசம்பர் 15ஆம் தேதி அறிக்கை விட்டதைச் செய்தியில் பார்த்தபோது அவர் பேசியதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு ஊசியும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் சாம்பிராணிக் கரண்டியைப் பரணில் ஏற்றினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இவர் ஹோமம் முடிந்தால் வெளிக் குழாயில் குளித்து வேஷ்டி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார், ஜூலைக் குளிரில்கூட. அதைச் செய்யச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே ஆரம்பித்தார். சளி பிடித்த பெரிய குழந்தையைச் சிசுவின் கையையோ முகத்தையோ தொடவிடாமல், காலை மட்டும் தொட்டுக் கொஞ்சச் சொல்வதும் எங்கள் வீட்டுச் சட்டம். கோயிலுக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர்களிடமும் சொல்கிறேன். பாதத்தைத் தொட்டுக் கும்பிடுகிறமாதிரி இருப்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

டிசம்பர் விடுமுறையில் அம்மை வந்தது. லிம்போப்போவில் அக்டோபரில் தட்டம்மை கிளம்பி மற்ற மாகாணங்களுக்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்த ஒரு நாலு வயதுப் பெண்ணை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னாலிருந்து முகம் வழியாகத் தடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வேப்பிலை சுலபத்தில் கிடைக்காது. மலைவேம்பு இலையைத்தான் சிரிங்கா என்று சொல்லி வேப்பிலையாக வைத்துக்கொள்வார்கள். ஒரு கொத்தோடு வந்து, "ஐயா, அம்மா பாத்திருக்கா, திருநீறு போடுங்க" என்றார் பாட்டி. மண்டபத்தில் அறுபது பேர். மடியில் வைத்த குழந்தைகளே ஏழெட்டு.

இவர் திருநீறு போட்டார். மறுக்கவில்லை, அதுதான் சாமர்த்தியம். அம்மன் பார்த்துவிட்டாள், இனி டாக்டர் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பக்கவாட்டு வழியாக வெளியே கூட்டிப்போய்த் தானே காரில் ஏற்றிவிட்டார். தட்டம்மைக்குத் தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பிருந்து நாலு நாள் பின்புவரை பரப்புகிற காலம். அந்த எட்டு நாள் கோயிலும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள், கண்ணையும் உயிரையும் காப்பது அது. வீட்டில் கும்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டால் அது கிடைக்காது. அன்று ராத்திரி நான் சின்னவன் கையேட்டை எடுத்து, ஆறு மாத ஊசி, பன்னிரண்டு மாத ஊசி இரண்டு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. அந்தப் பெண்ணின் கையேட்டில் ஒன்றுதான் இருந்ததாம். 2019 பாதியில் போட்டிருக்க வேண்டிய இரண்டாவது ஊசிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமே இல்லை, சும்மா மறந்ததுதான். எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்ட முடியாது.

இந்த ஊர்த் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்ததும் முதல் வேலையாகக் குருக்களிடம் வந்து நட்சத்திரத்துக்கு எழுத்துக் கேட்பார்கள். இவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, சு, சே, சோ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுப்பார். இப்போது காகிதத்தின் பின்பக்கம் மூன்று தேதி எழுதுகிறார். பிறந்த நாளிலிருந்து ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். பஞ்சாங்கத்தின் ஓரத்திலும் குறித்துவைத்துக்கொண்டு, ஞாபகம் வந்தால் தொலைபேசியிலும் கூப்பிடுகிறார். போன மாதம் ஒரு இளைஞன் காகிதத்தோடு திரும்பி வந்தான். பதினான்காவது வாரத் தேதியைக் காட்டி, "ஐயா, இது அஷ்டமி, பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"ஊசிக்கு அஷ்டமி கிடையாது, போ" என்றார் இவர்.